புல்லட் யாருடையது?

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும் பழைய மலைச்சாலையில் மோட்டார் சைக்கிள் கூட்டங்களைப் பார்க்கலாம். லாத்தா இஸ்கண்டார் அருவிப் பக்கம் வண்டியை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றி, படம் எடுத்துக்கொண்டு மறுபடியும் வளைவுகளில் ஏறுவார்கள். பெரும்பாலான வண்டிகள் சீறிக்கொண்டு போகும். எப்போதாவது ஒரு வண்டி மட்டும் 'டப்... டப்... டப்' என்று, எண்ணிவிடலாம் போலத் துடித்துக்கொண்டு வரும். சாலையோரத்தில் நிற்கும் அப்பா, "அதுதான் புல்லட், வெள்ளைக்காரன் வண்டி" என்று பிள்ளைக்குச் சொல்வார்.

பாதி சரி. அந்த வண்டியை முதலில் செய்தவர்கள் ஆங்கிலேயர்கள்தாம். ஆனால் அவர்கள் அதைச் செய்வதை நிறுத்தி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்று உலகின் எந்தச் சாலையில் புதிய புல்லட் ஓடினாலும் அதன் கதையில் சென்னை திருவொற்றியூர் இருக்கிறது. ஒரு பொருள் யாருக்குச் சொந்தம்? அதற்குப் பெயர் வைத்தவருக்கா, அதை விடாமல் செய்துகொண்டிருந்தவருக்கா? தேயிலை மலையில் தலைமுறைகளாக வாழ்ந்த நமக்கு இது தெரிந்த கேள்விதான். முதலில் வண்டியின் கதையைப் பார்ப்போம்.

ஊசி செய்த ஊர்

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் வட்டாரத்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். தையல் ஊசிக்குப் பேர்போன ஊர். அங்கே 1851-இல் ஊசி செய்யத் தொடங்கிய ஒரு சிறு நிறுவனம் பின்னர் சைக்கிள் செய்யும் தொழிலுக்கு வந்தது. 1891-இல் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்ற இருவர் அதை எடுத்து நடத்தினார்கள். என்ஃபீல்ட் என்னும் இடத்தில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுக்கும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் தங்கள் சைக்கிளுக்கு 'ராயல் என்ஃபீல்ட்' என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். சின்னம் பீரங்கி. 'துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது' என்பது அவர்களின் விளம்பர வாசகம். 'புல்லட்' என்ற பெயரும் அந்தக் குடும்பத்துப் பெயர்தான்.

1901-இல் அவர்களின் முதல் மோட்டார் சைக்கிள் வந்தது. 1932-இல் புல்லட் என்ற பெயர் முதன்முதலில் பெட்ரோல் தொட்டியில் ஏறியது. இரண்டாம் உலகப் போரின்போது, விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கும் அளவுக்கு எடை குறைந்த 125 சிசி வண்டியையும் இதே நிறுவனம் செய்தது. போர் வீரர்கள் அதற்கு வைத்த பெயர் 'பறக்கும் தெள்ளுப்பூச்சி'.

இன்று நாம் அறிந்த புல்லட்டின் உருவம் போருக்குப் பிறகு வந்தது. அதுவரை பல மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரம் நேராகச் சட்டத்தோடு பொருத்தப்பட்டிருந்தது. குழியில் விழுந்தால் அந்த அதிர்ச்சி நேரே முதுகெலும்புக்குப் போகும். புதிய 350 சிசி புல்லட்டில் பின்சக்கரம் மேலும் கீழும் அசைய இடம் கொடுத்து, இரு பக்கமும் அதிர்வுதாங்கிகள் வைத்தார்கள். 1948-இல் இத்தாலியின் சான் ரெமோவில் ஆறு நாள் நடந்த அனைத்துலகப் போட்டியில் பிரிட்டிஷ் அணி கோப்பையை வென்றபோது, புல்லட் ஓட்டிய இருவரும் தங்கப் பதக்கம் பெற்றனர். 1949-இல் வண்டி விற்பனைக்கு வந்தது.

மதராஸுக்கு வந்த கதை

அந்தச் சமயத்தில் மதராஸில் 'மெட்ராஸ் மோட்டார்ஸ்' நிறுவனம் ராயல் என்ஃபீல்டை இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் இராணுவத்துக்கு, மலையும் மணலுமாக இருந்த எல்லைப் பகுதிகளில் ஓடக்கூடிய உறுதியான வண்டி தேவைப்பட்டது. 350 புல்லட்டைத் தேர்ந்தெடுத்துச் சில நூறு வண்டிகளுக்கு ஆணை கொடுத்தார்கள். 1953-இல் அவை கப்பலில் வந்து இறங்கின. வண்டி சோதனையில் தேறியது.

ஆனால் எல்லாவற்றையும் வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டே இருக்கப் புதிய இந்தியா விரும்பவில்லை. உள்நாட்டில் செய்தாக வேண்டும். 1955-இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்ட் இந்தியா' நிறுவனத்தை அமைத்தன. மதராஸுக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. தியாகராஜர் கோயிலுக்கும் பட்டினத்தார் சமாதிக்கும் பெயர்பெற்ற ஊரில் பீரங்கிச் சின்னமும் இடம்பிடித்தது.

தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டுவதுதான் வேலை. 1956 முடிவுக்குள் 163 வண்டிகள் தயாராயின. பிறகு ஒவ்வொரு பாகமாக உள்ளூரிலேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராயின. அதே காலத்தில்தான் இங்கிலாந்தில் பழைய புல்லட்டைச் செய்வதை நிறுத்தினார்கள். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வண்டி மாறிய ஆண்டுகள் அவை.

தாய்வீடு மூடியது

1958-இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்ற சின்ன வண்டியை வெளியிட்டது. அதன் பேரப்பிள்ளைகளைத்தான் நாம் இங்கே 'கப்சாய்' என்று அழைக்கிறோம். எண்ணெய் ஒழுகாது, உதைத்தவுடன் உயிர்பெறும், விலையும் குறைவு. பிரிட்டிஷ் நிறுவனங்களோ பெரிய வண்டிகளின் பெருமையிலேயே இருந்தன. சின்ன வண்டியில் வந்த ஜப்பானியர்கள் சில ஆண்டுகளில் பெரிய வண்டிகளுக்கும் வந்துவிட்டார்கள். பிஎஸ்ஏ, நார்ட்டன், டிரையம்ப் எல்லாம் ஒவ்வொன்றாகத் தடுமாறின. ராயல் என்ஃபீல்டின் ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் அந்தப் பெயரில் வண்டி செய்வது முற்றிலும் நின்றது.

திருவொற்றியூரில் நிற்கவில்லை. தாய் நிறுவனம் இல்லாமல் போன பிறகும் அதே வண்டி, அதே அச்சு, அதே சத்தம். 1977-இல் விந்தையான ஒன்று நடந்தது. மதராஸில் செய்த 350 புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. தங்கள் அப்பா ஓட்டிய வண்டியைப் புதிதாக வாங்க விரும்பிய ஆங்கிலேயர்கள், தமிழர்கள் செய்ததை வாங்கினார்கள்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். திறமை மட்டுமே புல்லட்டைக் காப்பாற்றவில்லை. அன்றைய இந்தியாவில் இறக்குமதிக்குக் கடும் தடை. தொழில் தொடங்கவும் உற்பத்தியைக் கூட்டவும் அரசு உரிமம் வேண்டும். போட்டிக்கு வந்தவை ராஜ்தூத், மைசூரு ஜாவா போன்ற சில வண்டிகளே. இராணுவமும் காவல்துறையும் நிரந்தர வாடிக்கையாளர்கள். மூடிய கதவுக்குள் கிடைத்த பாதுகாப்பு அது.

ஆனாலும் வண்டியின் அமைப்பு அந்த நாட்டுக்குப் பொருந்தியது. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே சிலிண்டர். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 90 மில்லிமீட்டர். கனமான சுழல்சக்கரம். அதனால்தான் நிதானமான அந்த 'டப் டப்'. வேகம் குறைவு, இழுவை அதிகம். தரம் குறைந்த பெட்ரோலிலும் ஓடும். இயந்திரமும் கியர் பெட்டியும் தனித்தனி என்பதால், கிராமத்துப் பட்டறையில் சில சாவிகளை வைத்துக்கொண்டே பிரித்து மாட்டலாம்.

அதைக் கிளப்புவது ஒரு கலை. சாவியைத் திருப்பி, அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே உதைகோலை மெல்ல மிதிக்க வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, டீகம்ப்ரசர் பிடியை அழுத்தி, பிஸ்டனை உச்சியிலிருந்து கொஞ்சம் தாண்டவிட வேண்டும். பிடியை விட்டுவிட்டு, உதைகோல் மேலே வந்த பிறகு ஒரே மூச்சில் முழு உதை. முறை தவறினால் வண்டி திருப்பி உதைக்கும். கணுக்காலில் தழும்பு வாங்கியவர்கள் நிறையப் பேர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். தந்தை மகனுக்கும் அண்ணன் தம்பிக்கும் நின்று சொல்லிக்கொடுத்தால்தான் வரும் வித்தை. புல்லட்டைச் சுற்றி இத்தனை பாசம் வளர்ந்ததற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பாசம் சோறு போடாது

கதவு திறந்ததும் சிக்கல் தொடங்கியது. எண்பதுகளில் ஜப்பானியக் கூட்டுடன் 100 சிசி வண்டிகள் இந்தியாவுக்கு வந்தன. ஒரு லிட்டரில் நெடுந்தூரம் ஓடும் வண்டி கிடைக்கும்போது எண்ணெய் ஒழுகும் கனத்த வண்டி யாருக்கு வேண்டும்? நிறுவனம் நலிந்தது. 1994-இல் ஐஷர் குழுமம் அதை முழுமையாக ஏற்றுக்கொண்டு 'ராயல் என்ஃபீல்ட்' என்ற பழைய பெயரை மீட்டது. இருந்தும் 2000-ஆம் ஆண்டில் மாதம் ஏறத்தாழ 2,000 வண்டிகள்தாம் விற்றன. மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அப்போது 26 வயதான சித்தார்த்த லால், கொஞ்சம் அவகாசம் கேட்டுப் பொறுப்பேற்றார்.

அதன் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் நான் அதிகம் மதிக்கும் பகுதி. சத்தத்தையும் உருவத்தையும் வைத்துக்கொண்டு, உள்ளே இருந்ததை மாற்றினார்கள். கியர் இடது காலுக்கு வந்தது. பொத்தானை அழுத்தினால் கிளம்பும் வசதி வந்தது. பழைய வார்ப்பிரும்பு இயந்திரத்தின் இடத்தில், கியர் பெட்டியும் சேர்ந்து ஒரே கட்டமைப்பாக இருக்கும் புதிய அலுமினிய இயந்திரம் வந்தது. 'அது புல்லட்டே அல்ல' என்று பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 2009-இல் இந்தியாவில் வந்த 'கிளாசிக்' வாடிக்கையாளர்களை வரிசையில் நிற்க வைத்தது.

சென்னைக்கு அருகே ஒரகடத்தில் 2013-இலும் வல்லம் வடகாலில் 2017-இலும் புதிய ஆலைகள் வந்தன. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் நிறுவனம் தன் தொழில்நுட்ப மையத்தைத் திறந்தது. முன்பு இங்கிலாந்திலிருந்து வரைபடம் மதராஸுக்கு வந்தது. இப்போது சென்னையில் ஓடும் ஆலைகளுக்காக இங்கிலாந்துப் பொறியாளர்கள் வேலை செய்கிறார்கள். 2024-25 நிதியாண்டில் நிறுவனம் 10 லட்சம் வண்டிகளுக்கு மேல் விற்றது. இவ்வளவுக்குப் பிறகும் புல்லட்டின் பெட்ரோல் தொட்டியில் ஓடும் பொன்னிறக் கோட்டைக் கையால் தூரிகை பிடித்து இழுக்கும் கலைஞர்கள் அங்கே இருந்தார்கள்.

மற்றப் பழைய பெயர்களும் இதே பக்கம் வந்துகொண்டிருக்கின்றன. 1898-இல் பர்மிங்காமில் பிறந்த நார்ட்டனை, ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டார் 2020-இல் 1 கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. இளம் சே குவேரா தென் அமெரிக்காவைச் சுற்றிவரப் புறப்பட்டது ஒரு பழைய நார்ட்டனில்தான். பிஎஸ்ஏ பெயர் இன்று மகிந்திரா குழுமத்திடம் உள்ளது. டிரையம்பின் 400 சிசி வண்டிகளைப் புனேக்கு அருகே பஜாஜ் செய்கிறது.

மலையில் இதே கதை

இப்போது நம் மலைக்கு வருவோம். 1885-இல் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு எழுதிய நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயர்தான் இதற்கு நிலைத்தது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற மில்ன் என்பவருடன் சேர்ந்து 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். பெயர் சீனாவின் பொஹியா மலையிலிருந்து எடுத்தது. அந்தக் காலத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு: கொஞ்சம் தொழிலாளர்கள், சில கோவேறு கழுதைகள், ஒரு பழைய நீராவி உருளை ஆகியவற்றை வைத்துக்கொண்டு காட்டுச்சரிவு தேயிலைத் தோட்டமாக்கப்பட்டது என்று.

அந்த வரிசையில் முதலில் வரும் 'கொஞ்சம் தொழிலாளர்கள்' யார்? தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த நம் பாட்டன் பாட்டிமார். பெயரில் ஆங்கிலேயரும் சீன மலையும் இருக்க, செடி நட்டதும் கவ்வாத்து வெட்டியதும் கொழுந்து கிள்ளியதும் ஆலையில் இரவுமுறை பார்த்ததும் அவர்கள். தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் துரையோ கிராணியாரோ வருகிறார் என்று லயத்தில் பேச்சு அடங்கிவிடும் என்பார்கள் பெரியவர்கள். வண்டியும் தோட்டமும் 'அவர்களுடையது' என்றே நம் மனத்தில் பதிந்துபோனது. கப்சாய் வந்த பிறகுதான் தொழிலாளி வீட்டு வாசலிலும் ஒரு வண்டி நின்றது.

இன்று தேயிலை மலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம் வேலை செய்கிறார்கள். நம் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். அதில் வருந்த ஒன்றுமில்லை, படித்து முன்னேறினார்கள். வருத்தம் வேறு. விடுமுறைக்கு மலைக்கு வரும் பேரப்பிள்ளை, தேநீர்க் கடையின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்று பசுமையைப் படம் எடுக்கிறான். அந்தச் சரிவில் எந்த வரிசையில் தன் பாட்டி கூடையோடு நின்றாள் என்று அவனுக்குத் தெரியாது. கேட்டால் அவனும் 'வெள்ளைக்காரன் தோட்டம்' என்பான்.

திருவொற்றியூர் நமக்குச் சொல்லும் செய்தி இரண்டு. ஒன்று, பெயர் வைத்தவர் போய்விட்டாலும் செய்தவர் கை நிற்காதவரை பொருள் வாழும். ஆகவே அந்தப் பொருளின் வரலாற்றில் செய்தவருக்கும் இடம் உண்டு. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இரண்டு, பழம்பெருமையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் 2000-இல் புல்லட் வந்து நின்ற இடத்தில்தான் நாமும் நிற்போம். புதியதைக் கற்றவர்கள்தாம் பழையதையும் காப்பாற்றினார்கள். இயந்திரப் பட்டறையில் வேலை பழகும் பிள்ளையை 'படிக்கத் தெரியாதவன்' என்று ஏளனமாகப் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. ஒரு பாகத்தைக் கழற்றி, ஏன் உடைந்தது என்று யோசித்து, அதைவிட நல்ல பாகத்தைச் செய்வதும் படிப்புதான். பெட்டியில் வந்ததைப் பூட்டத் தொடங்கியவர்கள், முழு வண்டியையும் செய்யும் இடத்துக்கு வந்தது அந்தப் படிப்பால்தான்.

வீட்டில் பாட்டியின் தகரப்பெட்டியிலோ அலமாரிக்கு மேலோ பழைய படங்கள் இருக்கும். அதில் தோட்டத்து ஆலை முன்னால் நிற்கும் ஆட்களோ, ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கும் தாத்தாவோ இருக்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள்: இது எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, பக்கத்தில் நிற்பது யார், வண்டி யாருடையது? எண் தகடு தெரிந்தால் பாருங்கள். 'சி' என்று தொடங்கினால் பகாங், 'ஏ' என்றால் பேராக். அதுவே ஒரு தடயம். கேட்டதைப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறிவிடும்.

அப்படி ஒரு படம் கிடைத்தால் நம் பகுதிக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். மூலப் படம் வீட்டிலேயே இருக்கட்டும். பெயர்களை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.